அழகு சோறு போடுமா? மான்ஸ்டெரா ஆல்போ வளர்ப்பும் ஒரு பாடமும்



இந்த முறை இலக்கணமும் இல்லை, செய்யுளும் இல்லை. ஒரு செடியைப் பற்றிப் பேசப் போகிறோம். ‘தமிழாசிரியருக்குச் செடியோடு என்ன வேலை?’ என்று கேட்காதீர்கள். கடைசியில் அது வகுப்பறைக்குத்தான் வந்து சேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் மான்ஸ்டெரா ஆல்போ என்ற செடியின் ஒரு சிறு துண்டை வாங்கினேன். மூன்றே இலைகள். விலை 250 ரிங்கிட். வீட்டில் யாரிடமும் உண்மை விலையைச் சொல்லவில்லை. நான்காவது இலை பாதி வெள்ளையாக வந்தது. ஐந்தாவது முக்கால் வெள்ளை. ஆறாவதும் ஏழாவதும் பால் ஊற்றியது போல முழு வெள்ளை! எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்து வகுப்பின் புலனக் குழுவில் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். உயிரியல் படிக்கும் படிவம் 4 மாணவி ஒருத்தி மட்டும் இப்படி எழுதினாள்: “அழகா இருக்கு டீச்சர். ஆனா வெள்ளை இலைக்குச் சோறு போடுறது யாரு?”

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் வெள்ளை இலைகள் ஓரம் கருகின. அடுத்த இலை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி வந்தது. கீழே இருந்த பச்சை இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. பிறகு தண்டு அழுகியது. அவள் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் தேடியிருந்தால் அந்தச் செடி பிழைத்திருக்கும். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது என்ன செடி?

மான்ஸ்டெரா டெலிசியோசா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள மழைக்காடுகளைச் சேர்ந்த கொடி. லீப்மன் என்ற டென்மார்க் தாவரவியலாளர் 1849-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். இலைகள் முற்ற முற்ற ஓட்டைகளும் பிளவுகளும் விழும்.

இது சேம்புக் குடும்பத்துச் செடி. நாம் புளி போட்டு வேகவைக்கும் சேப்பங்கிழங்கும், நாக்கை அரிக்கும் கருணைக்கிழங்கும், வாசலில் தொங்கும் மணி பிளாண்டும் இதற்கு உறவு. அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் மான்ஸ்டெராவிலும் உண்டு. ஆகவே வெட்டும்போது கையுறை போடுங்கள். சின்னப் பிள்ளைகளும் பூனையும் கடிக்காத இடத்தில் வையுங்கள்.

பச்சை மான்ஸ்டெரா எங்கும் கிடைக்கும். இலையில் வெள்ளைத் திட்டுகள் உள்ள வகைதான் ஆல்போ. கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்திருந்தபோது இத்தகைய செடிகளின் விலை தாறுமாறாக ஏறியது. 2021-இல் நியூசிலாந்தில் ஒன்பது இலைகள் கொண்ட ஓர் இருநிறச் செடி இணைய ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. அது மான்ஸ்டெரா அல்ல, ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா. அதன் தாயகம் எது தெரியுமா? தெற்குத் தாய்லாந்தும் நம் மலேசியத் தீபகற்பமும்தான்! இங்கே காட்டில் பச்சையாக வளரும் செடிக்கு வெள்ளைத் திட்டு விழுந்தவுடன் கார் வாங்கும் விலை வந்துவிட்டது, பார்த்தீர்களா? இப்போது விலை வெகுவாக இறங்கிவிட்டது. அதனால் வாங்குவோரும் கூடிவிட்டார்கள், வாங்கிக் கொல்வோரும் கூடிவிட்டார்கள்.

வெள்ளை எங்கிருந்து வருகிறது?

செடியின் உச்சியில் வளர்நுனி என்ற பகுதி இருக்கிறது. புதுத் தண்டும் புது இலையும் அங்குள்ள செல்கள் பிரிந்து பெருகுவதால் உண்டாகின்றன. அந்தச் செல்களில் ஒன்றில் எப்போதோ மரபணுப் பிறழ்வு ஏற்பட்டு, பச்சையம் உண்டாக்கும் திறன் போய்விடுகிறது. அந்த ஒரு செல்லிலிருந்து பெருகும் செல்கள் அனைத்தும் வெள்ளை. பக்கத்துச் செல்களிலிருந்து பெருகுபவை பச்சை. ஆக, ஒரே செடிக்குள் இருவேறு மரபணு அமைப்புள்ள செல்கள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன.

இப்படிப்பட்ட உயிரைக் கைமேரா என்பார்கள். சிங்கம், ஆடு, பாம்பு மூன்றும் கலந்த கிரேக்கப் புராண விலங்கின் பெயர் அது. நமக்கு யாளி என்றால் சட்டென்று புரியும். தாவரங்களுக்கு இந்தப் பெயரை 1907-இல் வைத்தவர் ஹான்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மானியர்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, ஆல்போவின் நிறம் நிலையானதல்ல. வளர்நுனியில் வெள்ளைச் செல்கள் ஓங்கினால் இலை முழு வெள்ளையாக வரும். பச்சைச் செல்கள் ஓங்கினால் முழுப் பச்சையாகிவிடும். உரமோ மருந்தோ போட்டு வெள்ளையை வரவழைக்க முடியாது. இரண்டு, இந்தக் கலவையை விதை வழியாக நம்பிப் பெற முடியாது. தண்டுத் துண்டு வழியாகத்தான் பெருக்க வேண்டும். ஆகவே ‘ஆல்போ விதை, 10 விதை 15 ரிங்கிட்’ என்று இணையத்தில் யாராவது விற்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பகுதி சமைக்காது, ஆனால் சாப்பிடும்

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி, நீர், கரிவளி, பச்சையம் ஆகியவை தேவை. வெள்ளைப் பகுதிக்கு முதல் மூன்றும் கிடைக்கின்றன. பச்சையம் மட்டும் இல்லை. ஆகவே அது உணவு தயாரிப்பதில்லை.

ஆனால் அது உயிருள்ள பகுதி. சுவாசிக்கிறது. வளர்கிறது. நீராவிப்போக்கின் மூலம் நீரை இழக்கிறது. இதற்கெல்லாம் வேண்டிய சர்க்கரையைப் பச்சைப் பகுதிதான் தயாரித்து, புளோயம் என்ற உணவு கடத்தும் திசு வழியாக அனுப்புகிறது. சம்பாதிப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் நால்வர் என்ற குடும்பம்தான் ஆல்போ. சாப்பிடுபவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும்? என் செடிக்கு நேர்ந்ததுதான் ஆகும்.

‘அழகு சோறு போடுமா?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள் இல்லையா? இந்தச் செடிக்கு அது அப்படியே பொருந்தும். வெள்ளைக்காகச் செடியை வாங்குகிறோம். ஆனால் பராமரிக்க வேண்டியது பச்சையை. பின்வரும் குறிப்புகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவையே.

வாங்கும்போது தண்டைப் பாருங்கள்

கடையில் நம் கண் இலைக்குத்தான் போகும். இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். தண்டில் வெள்ளைக் கோடும் பச்சைக் கோடும் கலந்து ஓட வேண்டும். இனி வரப்போகும் இலைகளின் நிறத்தைத் தண்டுதான் சொல்லும். இலை ஏற்கெனவே நடந்து முடிந்த கதை.

துண்டாக வாங்கினால் அதில் கணு இருக்க வேண்டும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம் கணு. அங்கே சிறு மொட்டு ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். புதுக்கிளை அதிலிருந்துதான் வரும். கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் வேர்கூட விடலாம். ஆனால் புது இலை வரவே வராது. மொட்டைச் சுற்றியுள்ள தண்டு முழு வெள்ளையாக இருந்தாலும் வாங்காதீர்கள். முளைப்பது வெள்ளைக் கிளையாகத்தான் இருக்கும், அது நெடுநாள் வாழாது.

ஆல்போவுக்குப் பதில் ‘தாய் கான்ஸ்டலேஷன்’ என்ற வகையும் உண்டு. இளமஞ்சள் புள்ளிகள் விண்மீன் தெளித்தாற்போல் இருக்கும். திசு வளர்ப்பு முறையில் பெருக்கப்படும் இதன் நிறம் ஆல்போவைவிட நிலையானது. முதன்முறை வளர்ப்போருக்கும் பள்ளிக்கும் இதுதான் ஏற்றது.

நம் ஊர் வெயிலும் மழையும்

குளிர்நாட்டுக் குறிப்புகளில் சூடேற்றும் விளக்கு, ஈரப்பதக் கருவி என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். நமக்கு அவை தேவையில்லை. வெப்பமும் ஈரமும் இங்கே இயற்கையாகவே கிடைக்கின்றன. நம்மூர் சிக்கல்கள் வேறு.

ஒளி: இதில் ஒரு முரண் உண்டு. பச்சையம் குறைவாக இருப்பதால் பச்சை மான்ஸ்டெராவைவிட ஆல்போவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அதே வேளையில், வெள்ளைப் பகுதி வெயிலில் சீக்கிரம் கருகிவிடும். எனவே கிழக்குப் பார்த்த சன்னல், காலை வெயில் மட்டும் படும் ஐந்தடி, அடுக்குமாடி நடைபாதையில் நேர் வெயில் விழாத மூலை ஆகியவை நல்ல இடங்கள். மதிய வெயிலும் மேற்கு வெயிலும் ஆகாது. வேறு வழி இல்லையென்றால் மெல்லிய திரை ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

மண்: வெறும் தோட்ட மண் வேண்டாம். நம் மழைக்காலத்தில் அது சேறாகிவிடும். மரத்தில் ஏறும் கொடியின் வேருக்குக் காற்று தேவை. தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட், கருக்கிய உமி, கொஞ்சம் மட்கிய உரம் ஆகியவற்றைக் கலந்து போடுங்கள். தண்ணீர் ஊற்றியதும் அடித்துளை வழியாக விறுவிறுவென வெளியேறினால் கலவை சரி.

நீர்: ‘திங்கள், வியாழன்’ என்று கிழமை குறித்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு மூன்று செண்டிமீட்டர் உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வாடியதால் செத்த ஆல்போவைவிட ஊற்றி ஊற்றி அழுகிய ஆல்போதான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உரம்: பச்சையம் குறைவு, உணவு குறைவு, ஆகவே வளர்ச்சியும் மெதுவு. பச்சைச் செடிக்குப் போடும் அளவு இதற்கு அதிகம். நீர்த்த திரவ உரத்தை உறையில் சொன்ன அளவில் பாதியாக்கி, மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும்.

பிடிமானம்: தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, தண்டை மெதுவாகக் கட்டிவிடுங்கள். காற்றுவேர் கம்பைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது இலை பெரிதாகும். இலை பெரிதானால் பச்சைப் பரப்பும் கூடும்தானே?

பூச்சி: மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் இலைப்பேனும் வரும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். தூசும் போகும். தூசு படிந்த பச்சை, பாதிச் சம்பளத்தில் வேலை செய்யும் பச்சை.

வெட்ட மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள்

நான் தவறவிட்ட இடம் இதுதான். ஒரே ஒரு முழு வெள்ளை இலை வந்தால் பதற வேண்டாம். அடுத்த இலையைப் பாருங்கள். இரண்டு மூன்று இலைகள் அடுத்தடுத்து முழு வெள்ளையாக வந்து, தண்டிலும் பச்சைக் கோடு மறைந்துவிட்டால் வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள். பச்சையும் வெள்ளையும் நன்றாகக் கலந்த கடைசி இலை எது? அதன் கணுவில் உள்ள மொட்டைச் சுற்றியும் இரு நிறமும் உள்ளனவா? ஆம் என்றால், அந்தக் கணுவுக்கு மேலே ஏறத்தாழ இரண்டு செண்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கத்தியை முதலில் ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அந்த மொட்டு விழித்துக்கொள்ளும்.

முழுப் பச்சையாகிப் போனாலும் இதே வைத்தியம்தான். செடி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பச்சைக் கிளை வேகமாக வளர்ந்து, கலப்புக் கிளையைப் பின்தள்ளிவிடும்.

வெட்டிய துண்டில் பச்சை இருந்தால் வீசாதீர்கள். வெட்டிய இடத்தைச் சில மணி நேரம் நிழலில் உலரவிட்டு, கணு புதையும்படி ஈரமான தேங்காய் நாரிலோ பெர்லைட்டிலோ வையுங்கள். காற்றுவேர் இருந்தால் இன்னும் எளிது. வேர் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். தினமும் பிடுங்கிப் பார்க்கக் கூடாது!

கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வேர்விட வைப்போருக்கு ஒரு வார்த்தை. பார்க்க அழகுதான், மாணவர்களுக்கு வேரும் தெரியும். ஆனால் ஏடிஸ் கொசுவுக்கும் அந்தக் குவளை போதும். நம் தட்பவெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, குவளையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சட்டியின் அடித்தட்டிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. பள்ளி விடுமுறைக்கு முன் எல்லாக் குவளைகளையும் காலி செய்துவிடுங்கள்.

வகுப்பறைக்கு

நம் மாணவர்களில் பலர் தொடக்கப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். விடை தெரியும், தமிழில் விளக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள். அதற்கு இந்தச் செடி உதவும்.

அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து மாவுச்சத்துச் சோதனையைச் செய்து காட்டுங்கள். ஆல்போவைக் கிழிக்க வேண்டாம். குறைந்த விலையில் கிடைக்கும் வெள்ளையும் பச்சையும் கலந்த கோலியஸ் இலை போதும். செடியை இரண்டு நாள் இருட்டில் வையுங்கள். பழைய மாவுச்சத்து தீர்ந்துவிடும். பிறகு சில மணி நேரம் வெளிச்சத்தில் வைத்து ஓர் இலையைப் பறியுங்கள். எங்கே வெள்ளை, எங்கே பச்சை என்று முதலில் வரைந்துகொள்ளுங்கள். இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பிறகு ஆல்கஹாலில் இட்டுச் சுடுநீர்த் தொட்டியில் வைத்தால் பச்சையம் கரைந்துவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும்; அடுப்பை அணைத்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். இலையை வெதுவெதுப்பான நீரில் அலசி, அயோடின் கரைசலை விடுங்கள். பச்சையாக இருந்த இடம் கருநீலமாகும். வெள்ளையாக இருந்த இடத்தில் அயோடினின் பழுப்பு நிறமே நிற்கும்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இல்லாதது ஏன்?

‘வெளிச்சம் படவில்லை’ என்பார் ஒருவர். தவறு; முழு இலையும் வெளிச்சத்தில்தான் இருந்தது. ‘அந்தப் பகுதி செத்துவிட்டது’ என்பார் இன்னொருவர். அதுவும் தவறு, அது உயிருள்ளது, சுவாசிக்கிறது. ‘பச்சையம் இல்லை’ என்று நிறுத்தினால் பாதி விடை. முழு விடை இப்படி வர வேண்டும்: ‘வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. ஆகையால் அங்கு ஒளிச்சேர்க்கை நடைபெறவில்லை. இதன் விளைவாக மாவுச்சத்து உருவாகவில்லை.’

காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்று படிகள். ‘ஆகையால்’, ‘இதன் விளைவாக’ என்ற இணைப்புச் சொற்கள் அவற்றைக் கோக்கின்றன. விளக்கக் கட்டுரையின் ஒரு பத்திக்கும் இதே எலும்புக்கூடுதான். மாணவர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி: ‘ஆல்போவுக்கு வெளிச்சம் தேவை, ஆனால் நேர் வெயில் ஆகாது. ஏன்?’ என்பதற்கு ஐந்து வாக்கியத்தில் விடை எழுதுங்கள். செய்தி முழுக்க இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. வாக்கியம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்போது என் வீட்டில் இன்னொரு ஆல்போ இருக்கிறது. இலை பெரும்பாலும் பச்சை, நடுவே வெள்ளைத் தீற்றல்கள். படம் போட்டால் முன்புபோல் பாராட்டு வராது. போன ஆண்டு இரண்டு வெள்ளை இலைகளை வெட்டினேன். கத்தியை எடுக்க மூன்று நாள் ஆனது. இப்போது பதினொன்றாவது இலை விரிந்துகொண்டிருக்கிறது. கேள்வி கேட்ட மாணவி பள்ளியை முடித்துவிட்டாள். அவளுக்கு ஒரு துண்டு வேர்விட வைத்திருக்கிறேன்.

உங்கள் வகுப்பிலும் அப்படிக் கேட்கும் ஒரு பிள்ளை இருக்கும். சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.